பீச் ரோட்டில் ஃப்ரீஸ்டைல் ஸ்கேட்டிங் கத்துக்கணுமா? எந்த வீல் வாங்கணும்... 76-80-80-76 கணக்கு இதுதான்!

மாலை 6 மணி ஆனதும் புதுச்சேரி பீச் ரோட்டின் முனைகளில் தடுப்புகள் வந்துவிடும். மறுநாள் காலை 7.30 மணி வரை அங்கே பைக் கிடையாது, கார் கிடையாது. புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரில் இருக்கும் இந்தச் சாலை, அந்த நேரம் முழுக்க நடப்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் சொந்தம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பழக நினைக்கும் ஒருவருக்கு, ஊருக்கு நடுவில் வண்டியே வராத ஒரு தார்ச்சாலை கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் சாலை கிடைத்தால் மட்டும் போதாதே. பிள்ளை கேட்டதும் ஆன்லைனில் ஒரு ஸ்கேட் வாங்கிக் கொடுக்கிறார்கள். அது திரும்பவே மாட்டேன் என்கிறது. இரண்டு வாரத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இன்னொரு பக்கம், கொஞ்சம் அதிகமாகச் செலவு செய்து நல்ல ஃப்ரீஸ்டைல் ஸ்கேட் வாங்கியவர் பெட்டியைத் திறந்து பார்த்தால் முன் வீலும் பின் வீலும் தரையில் படவே இல்லை. முதல்முறை பார்ப்பவருக்கு டேமேஜ் பீஸ் என்றுதான் தோன்றும். அது டேமேஜ் இல்லை. ஃப்ரீஸ்டைல் ஸ்கேட்டிங்கின் மொத்த ரகசியமும் அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் இருக்கிறது.

ஃப்ரீஸ்டைல்னா என்ன? ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் இருந்து என்ன வித்தியாசம்?

தமிழ்நாட்டில் ஸ்கேட்டிங் என்றதும் இப்போது நினைவுக்கு வரும் பெயர் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார். 2025 ஆகஸ்டில் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் 1000 மீட்டர் ஸ்பிரிண்டில் வெண்கலம் வென்றார். அடுத்த மாதமே சீனாவின் பெய்டைஹேயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். அதற்கு முன்பு, 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3000 மீட்டர் ரிலேவில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே நாளில் வெண்கலம் எடுத்தன. ஆண்கள் அணியில் ஆனந்த்குமாரும், பெண்கள் அணியில் சென்னையைச் சேர்ந்த ஆரத்தி கஸ்தூரி ராஜும் இருந்தனர்.

இதெல்லாம் ஸ்பீடு ஸ்கேட்டிங். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார் என்பதுதான் போட்டி.

ஃப்ரீஸ்டைல் வேறு. சின்னச் சின்ன கோன்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கு இடையே ஒற்றைக் காலிலும் இரட்டைக் காலிலும், முன்னாலும் பின்னாலும், சுழன்றும் குறுக்கே காலை மாற்றியும் போவதுதான் இதன் முக்கியப் பிரிவான ஸ்லாலம். கோன் என்றால் சாலை வேலைக்கு வைப்பார்களே, அந்த உயரம் இல்லை. கிட்டத்தட்ட ஒரு டீ கப் அளவுதான். இதற்குள்ளும் பிரிவுகள் உண்டு. கிளாசிக் ஸ்லாலத்தில் இசைக்கு ஏற்ப சுமார் 2 நிமிடம் கோன்களுக்கு இடையே ஆட வேண்டும், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். ஸ்பீடு ஸ்லாலத்தில் ஒற்றைக் காலில் 20 கோன்களையும் வளைந்து வளைந்து தாண்ட வேண்டும். இடித்த ஒவ்வொரு கோனுக்கும், விட்ட ஒவ்வொரு கோனுக்கும் 0.2 விநாடி கூடுதலாகச் சேர்ந்துவிடும். இது போக, வேகமாக வந்து வீலைத் தரையில் தேய்த்து நிற்கும் ஸ்லைடு, உயரம் தாண்டும் ஜம்ப் ஆகியவையும் ஃப்ரீஸ்டைலில் வரும். ஹாங்சோ ஆசிய விளையாட்டிலேயே ஸ்பீடு ஸ்லாலமும், இருவர் சேர்ந்து ஆடும் பேர் ஸ்லாலமும் இருந்தன.

புதுச்சேரி மாதிரி ஊருக்கு இந்த விளையாட்டு ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். போட்டியில் மூன்று வரிசைகள் இருக்கும். 80 சென்டிமீட்டர் இடைவெளியில் 20 கோன், 50 சென்டிமீட்டர் இடைவெளியில் 20 கோன், 120 சென்டிமீட்டர் இடைவெளியில் 14 கோன். 80-ல் 20 கோன் வைத்தால் மொத்த நீளம் 15.2 மீட்டர். 120-ல் 14 கோன் வைத்தாலும் 15.6 மீட்டர்தான். ஸ்பீடு ஸ்கேட்டிங்குக்கு 200 மீட்டர் டிராக் வேண்டும், வளைவுகளில் சாய்வு வேண்டும், அதைக் கட்ட அரசுப் பணம் வேண்டும். ஸ்லாலத்துக்கு வழவழப்பான சமதளம் ஒரு 30 மீட்டர் கிடைத்தால், ஓடி வரும் தூரத்தையும் சேர்த்து எல்லாமே அடங்கிவிடும்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. சக்கரங்களை ஒரே நேர்கோட்டில் வைத்த ஸ்கேட்டுக்கு 1819-லேயே பாரிஸில் பெத்திபிளெட் என்பவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அந்த வண்டியில் நேராகப் போகலாம், திரும்புவதுதான் கஷ்டம். நான்கு சக்கரத்தை இரண்டு இரண்டாக வைத்த குவாட் ஸ்கேட்டை 1863-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் கொண்டுவந்ததும் உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது. காரணம், அது திரும்பியது! இன்லைன் மறுபடியும் பிரபலமானது 1980-களில் ரோலர்பிளேடு வந்த பிறகுதான்.

நவீன ஃப்ரீஸ்டைல் ஸ்லாலம் வளர்ந்த முக்கியமான இடங்களில் ஒன்று பாரிஸின் திரொகாதெரோ, அதாவது ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் வெட்டவெளி. ரிங்க் கிடையாது, பொதுமக்கள் நடமாடும் இடம். அங்கிருந்து வந்த தலைமுறையில் ஒருவரான செபாஸ்தியன் லாஃபார்க் தொடங்கியதுதான் ஃப்ரீஸ்டைல் ஆட்கள் அடிக்கடி சொல்லும் 'செபா' பிராண்ட். பின்னால் வந்த 'எஃப்ஆர்' பிராண்டும் அதே கையில் இருந்து வந்ததுதான்.

1819-ல் பெத்திபிளெட்டின் ஸ்கேட் தடுக்கி நின்ற அதே கேள்விதான் இன்று வீல் வாங்கப் போகும்போதும் நம் முன்னால் நிற்கிறது. நேர்கோட்டில் இருக்கும் நான்கு சக்கரத்தை எப்படித் திருப்புவது?

76-80-80-76: இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?

வீலின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். உதாரணத்துக்கு 80 மி.மீ., 85ஏ. முதலாவது வீலின் விட்டம். இரண்டாவது அதன் கடினத்தன்மை. முதலில் விட்டத்தைப் பார்ப்போம்.

நான்கு வீலும் 80 மி.மீ. என்றால் நான்கும் தரையில் படும். இதற்குப் பெயர் ஃப்ளாட். ஃப்ரீஸ்டைல் ஸ்கேட்டில் பெரியவர்களுக்கு அதிகம் வரும் ஃப்ரேமின் நீளம் 243 மி.மீ. இது முதல் வீலின் ஆக்சிலில் இருந்து கடைசி வீலின் ஆக்சில் வரை உள்ள தூரம். இதை 3-ஆல் வகுத்தால் 81. அதாவது 80 மி.மீ. வீல்களை, ஒன்றோடொன்று உரசாமல் 1 மி.மீ. இடம் விட்டு, நெருக்கமாக அடுக்கும் அளவு இது. 231 மி.மீ. ஃப்ரேம் 76 மி.மீ. வீலுக்கும், 219 மி.மீ. ஃப்ரேம் 72 மி.மீ. வீலுக்கும் இப்படியே பொருந்தும். சின்னப் பாதம் உள்ளவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சிறிய ஃப்ரேம்கள்.

இப்போது முன்னாலும் பின்னாலும் 76, நடுவில் இரண்டு 80 போட்டால்? விட்டத்தில் 4 மி.மீ. வித்தியாசம். ஆனால் வீல் ஆக்சிலின் இரண்டு பக்கமும் இருப்பதால் தரையில் இருந்து தூக்கி நிற்கும் உயரம் அதில் பாதி, 2 மி.மீ. மட்டும்தான். இதற்குப் பெயர் ராக்கர். வாழைப்பழம் மாதிரி அடிப்பக்கம் வளைந்திருப்பதால் பனானா என்றும் சொல்வார்கள்.

இந்த 2 மி.மீ. என்ன செய்கிறது? ஃப்ளாட்டில் தரையைத் தொடும் நீளம் 243 மி.மீ. ராக்கரில் எந்த நேரத்திலும் தரையில் இருப்பது பக்கத்துப் பக்கத்து வீல்கள் இரண்டு மட்டும். அதாவது சுமார் 81 மி.மீ., மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள் ஆடும் மரக்குதிரையை நினைத்துப் பாருங்கள். தட்டையான பலகையைத் தரையில் வைத்துத் திருப்புவதற்கும், அடி வளைந்த மரக்குதிரையைத் திருப்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கால் விரல் பக்கம் எடையைக் கொடுத்தால் முன் வீல் தரை தொடும், குதிகால் பக்கம் கொடுத்தால் பின் வீல் தொடும். அந்தச் சாய்வில்தான் சுழற்சி பிறக்கிறது. 80 சென்டிமீட்டருக்கு ஒரு கோன் என்று வைத்த வரிசையில் ஒற்றைக் காலில் வளைய வேண்டும் என்றால் இது இல்லாமல் ரொம்பக் கஷ்டம்.

ஆன்லைன் கடைகளில் வேறு சில செட்டப்களும் கண்ணில் படும். நடு இரண்டு வீல்கள் சின்னதாக இருந்தால் அது ஆன்டி-ராக்கர். கம்பி மீதும் திட்டு மீதும் சறுக்கும் அக்ரசிவ் ஸ்கேட்டிங்குக்கானது, கோன் பக்கம் அதற்கு வேலை இல்லை. மூன்றே பெரிய வீல், 100 அல்லது 110 மி.மீ., இருந்தால் அது சாலையில் தூரம் போக நல்லது, வேகம் நிற்கும். ஆனால் ஸ்லாலத்துக்கு உயரமும் அதிகம், திரும்புவதும் மெதுவு. பார்க்க ஸ்டைலாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

அப்போ முதல் நாளே ராக்கர் வாங்கணுமா?

இதில் ஸ்கேட்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. முதலில் இருந்தே ராக்கரில் பழகினால் கால் அதற்கேற்ப சமநிலை கற்றுக்கொள்ளும் என்பது ஒரு பக்கம். நிற்கவே தெரியாத காலுக்கு ஆடும் பலகை எதற்கு என்பது மறு பக்கம்.

இரண்டாவது பக்கத்தில்தான் நியாயம் அதிகம். புதிதாக வருபவர் விழுவது பெரும்பாலும் பின்பக்கம். எடை குதிகாலுக்குப் போனதும் ராக்கர் ஸ்கேட் பின்னால் சாயும். ஃப்ளாட் அதே தவறை ஓரளவு மன்னித்துவிடும். ஒற்றைக் காலில் எண்ணி 10 விநாடி உருள முடியும், நினைத்த இடத்தில் நிற்க முடியும் என்கிற நிலை வரும்வரை ஃப்ளாட் போதும். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் பழகுபவருக்கு இரண்டு மூன்று மாதத்தில் அந்த நிலை வரலாம். ஏற்கெனவே குவாட் அல்லது ஸ்பீடு ஸ்கேட்டில் பழகியவர்கள் நேரடியாக ராக்கருக்குப் போகலாம்.

இதில் செலவு மிச்சம் பண்ணும் ஒரு வழியும் இருக்கிறது. நான்கு வீலும் 80 மி.மீ. உள்ள செட்டை வாங்கி ஓட்ட ஆரம்பியுங்கள். வீல்கள் ஒரே மாதிரி தேயாது. சில மாதத்தில் எது அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, தேய்ந்த இரண்டை முன்னும் பின்னும், தேயாத இரண்டை நடுவிலும் மாட்டுங்கள். செலவே இல்லாமல் ஒரு லேசான ராக்கர் ரெடி! கிடைத்ததா இல்லையா என்று பார்க்க, கண்ணாடி மேஜை மீது ஸ்கேட்டை நேராக வைத்து முன் வீலுக்கு அடியில் ஒரு ஏடிஎம் ரசீதை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் வீல் தூக்கி நிற்கிறது என்று அர்த்தம். முழு ராக்கர் வேண்டும் என்றால் ஒரு காலுக்கு 76 மி.மீ. வீல் இரண்டு, ஆக மொத்தம் நான்கு வீல் மட்டும் தனியாக வாங்கினால் போதும். எட்டும் வாங்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில ஃப்ரேம்களில் நடு ஆக்சில்களையே கொஞ்சம் கீழே இறக்கி, ராக்கரை ஃப்ரேமிலேயே வைத்திருப்பார்கள். அதில் நான்கு வீலும் ஒரே அளவில்தான் போட வேண்டும். அது தெரியாமல் 76-80-80-76 மாட்டினால் வளைவு இரட்டிப்பாகிவிடும், நிற்பதே சர்க்கஸ் ஆகிவிடும்.

82ஏ, 85ஏ, 88ஏ... எது நம்ம ஊருக்கு?

ஏ என்பது ரப்பர் மாதிரியான பொருள்களின் கடினத்தை அளக்கும் அளவுகோல். எண் கூடக்கூட வீல் கெட்டியாகும். மெத்தென்ற வீல் தரையைப் பிடிக்கும், சின்னச் சின்ன அதிர்வை விழுங்கும், சீக்கிரம் தேயும். கெட்டியான வீல் நீண்ட நாள் வரும், ஆனால் சொரசொரப்பான சாலையின் ஒவ்வொரு கல்லையும் கால் வரை கொண்டுவந்து சேர்க்கும்.

தார்ச்சாலையில் பழகும் எடை குறைந்த பிள்ளைக்கு 82ஏ பக்கம் இருந்தால் போதும். 60, 70 கிலோ எடையுள்ள பெரியவருக்கு 84ஏ அல்லது 85ஏ. ஸ்லைடு பழக வேண்டும் என்றால் 88ஏ-க்கு மேல். மெத்தென்ற வீலில் ஸ்லைடு போட முயன்றால் அது வழுக்காமல் சட்டெனப் பிடித்துக்கொள்ளும், ஆள் மட்டும் தொடர்ந்து முன்னால் போவார்!

சித்திரை வெயிலில் சூடேறிய தாரில் யூரித்தேன் வீல் இன்னும் இளகும். குளிர் நாட்டு யூடியூப் வீடியோவில் சொல்லும் எண்ணை அப்படியே எடுக்காமல், சந்தேகம் இருந்தால் ஒரு படி கெட்டியானதை எடுப்பது நம் பக்கத்து வெப்பத்துக்குச் சரியாக இருக்கும். பேவர் பிளாக் தெருவும் நடைபாதை டைல்ஸும் வேறு கதை. இடுக்குகளில் வீல் தட்டிக்கொண்டே இருக்கும், நனைந்தால் டைல்ஸ் எண்ணெய் தடவிய மாதிரி. நடைபாதையை விட்டு, தார் போட்ட பகுதியில் பழகுவதே நல்லது.

எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பொருளைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த பொம்மை ஸ்கேட்டுகளில் பிவிசி பிளாஸ்டிக் வீல் இருக்கும். கடகடவென்று சத்தம் போடும், வழுக்கும், திருப்பத்தில் பிடிமானமே இருக்காது. 'பியு' என்று குறிப்பிட்ட பாலியூரித்தேன் வீல்தான் வேண்டும். ஒளிரும் எல்.இ.டி. வீல் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தப்பில்லை, ஆனால் விளக்கு எரிவதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஷூ வாங்கும்போது நம்ம வீட்டுப் பழக்கம் ஒன்றை விட்டுடணும்

'வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெருசா எடு.' யூனிஃபார்முக்கு இது சரி. ஸ்கேட்டுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே கால் ஆடினால் கணுக்கால் உள்பக்கமாகச் சாயும், வீல் சாய்ந்து ஓடும், பிள்ளை 'வலிக்குது' என்று சொல்லும், சமநிலையே வராது. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் விரல் கொஞ்சம் பின்னால் வர வேண்டும். குதிகால் மேலே தூக்கவே கூடாது. சைஸ் எண்ணை நம்பாமல், ஒரு தாளின் மீது காலை வைத்து நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வளரும் பிள்ளைக்கு மூன்று நான்கு சைஸ் வரை நீட்டிக்கொள்ளும் அட்ஜஸ்டபிள் பூட் இருக்கிறது. அது ஆரம்பத்துக்குப் போதுமானது.

ஃப்ரீஸ்டைல் பூட் கணுக்காலுக்கு மேல் வரை கெட்டியாக இருக்கும். ஸ்பீடு பூட் கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும், வீலும் 110, 125 மி.மீ. என்று பெரியது. 'சாம்பியன்கள் போடுவது' என்று அதை வாங்கி கோன் பழக முடியாது. இரண்டையும் ஒரே 'புரொஃபஷனல் ஸ்கேட்' என்று விற்கும் கடைக்காரரும் உண்டு. சாதாரண அட்ஜஸ்டபிள் ஸ்கேட் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். தரமான ஃப்ரீஸ்டைல் பூட் பத்தாயிரத்தைத் தாண்டும். அதனால் பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் நிற்கிறதா என்று ஒரு சீசன் பார்த்துவிட்டு இரண்டாவதுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். பேரிங்கில் ஏபெக் 7, ஏபெக் 9 என்று போட்டிருப்பார்கள். அது தயாரிப்பின் துல்லியத்தைச் சொல்லும் எண், வேகத்தைச் சொல்லும் எண் இல்லை. ஸ்லாலத்துக்கு அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டியதில்லை.

இன்னொன்று: ஃப்ரீஸ்டைல் ஸ்கேட்டில் பின்னால் இருக்கும் ரப்பர் பிரேக் பெரும்பாலும் இருக்காது. கால் குறுக்கே மாற்றும்போது தட்டும் என்பதால்தான். எனவே பிரேக் உங்கள் காலில்தான் இருக்கிறது.

கோன் வைப்பதற்கு முன்னால் கத்துக்க வேண்டியது

முதல் நாள் பாடம் விழுவது. முட்டியை மடக்கி, உடலை முன்பக்கம் தாழ்த்தி, முட்டிக் கவசத்தின் மீது விழுந்து, பிறகு கை. விழும்போது எல்லோருமே கையைத்தான் ஊன்றுவோம். அதனால் ஸ்கேட்டிங்கில் அடிக்கடி அடிபடுவது மணிக்கட்டு. ஹெல்மெட், முட்டிக் கவசம், முழங்கைக் கவசம் எல்லாம் வாங்கிவிட்டு மணிக்கட்டுக் கவசத்தை விட்டுவிடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் ஹெல்மெட்டுக்கு அடுத்து வாங்க வேண்டியதே அதுதான்.

அடுத்தது நிற்பது. இரண்டு காலையும் அகட்டி, முன்விரல்களை உள்பக்கம் திருப்பி 'ஏ' வடிவில் மெதுவாக நிறுத்துவது ஒன்று. ஒரு காலில் உருண்டுகொண்டே மற்றொரு காலைப் பின்னால் குறுக்கே இழுத்துத் தேய்க்கும் டி-ஸ்டாப் இன்னொன்று. டி-ஸ்டாப் போடும் கால் வீல்கள் ஒரு பக்கமாகத் தேயும், அதைத் தவிர்க்க முடியாது. இரண்டும் வராமல் கூட்டத்துக்குள் போகக் கூடாது.

பிறகு கோன். முதலில் 120 சென்டிமீட்டர் இடைவெளி. கோன் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, காகித டீ கப்பைக் கவிழ்த்து வைத்தாலும் ஆகும். கடல்காற்றுக்குப் பறந்துவிடும் என்பதால் மேலே ஒரு கூழாங்கல் வைக்க ஆசைப்படாதீர்கள், வீல் ஏறினால் விழுவது நீங்கள்தான். சாக்பீஸில் வட்டம் போட்டுப் பழகுவது இன்னும் பாதுகாப்பு. இரண்டு காலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வளைந்து போவது ஃபிஷ். ஒரு காலுக்கு நேர் பின்னால் இன்னொரு காலை வைத்துப் போவது ஸ்னேக். ஒவ்வொரு கோனிலும் கால்களைக் குறுக்கே மாற்றி மாற்றிப் போவது கிரிஸ்-கிராஸ். இந்த மூன்றும் முன்பக்கம் சரளமாக வந்த பிறகு ஒற்றைக் கால், அதற்கப்புறம் பின்பக்கம். சமூக ஊடகத்தில் பார்க்கும் சுழற்சிகள் எல்லாம் இந்த நான்கைந்தின் கலவைதான். இந்தியாவில் போட்டி அளவுக்குப் போக விரும்புபவர்களுக்கு ரோலர் ஸ்கேட்டிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவின் தேசியப் போட்டிகளில் இன்லைன் ஃப்ரீஸ்டைல் தனிப் பிரிவாகவே இருக்கிறது.

எங்கே, எப்போது?

பீச் ரோட்டில் மாலை நேரம் பழக வசதி என்று தோன்றும். உண்மையில் அதுதான் மோசமான நேரம். காந்தி சிலை பக்கம் கூட்டம் நிரம்பி வழியும், வார இறுதியில் சுற்றுலாப் பயணிகளும் சேர்ந்துகொள்வார்கள். பாதி விழுந்து பாதி எழும் ஒருவர் 70 வயதுப் பெரியவர் மீது மோதினால், அடி பிள்ளைக்கு இல்லை, அவருக்குத்தான். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிவு சின்ன விஷயம் இல்லை. விடியற்காலை 5.30 மணியில் இருந்து 7 மணி வரை வெயிலும் இருக்காது, இடமும் இருக்கும். காலை நடைக்காரர்கள் இருப்பார்கள். சாலையின் ஓரமாக ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, கோனை அங்கேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல் இருந்தால் பிரச்சினை வராது. போலீஸ்காரர் வேண்டாம் என்றால் அன்றைக்கு எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். 7.30 மணிக்குத் தடுப்பை எடுத்ததும் வண்டிகள் வந்துவிடும், அதற்கு முன்பே பூட்டைக் கழற்றிவிட வேண்டும். இ.சி.ஆர். பக்கம் ஸ்கேட்டோடு போகும் எண்ணமே வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஈரத் தரையில் யூரித்தேன் வீல் பிடிக்காது. அந்த மாதங்களில் அப்பார்ட்மெண்ட் பார்க்கிங், பள்ளியின் மூடிய அரங்கு என்று அனுமதியோடு கிடைக்கும் இடத்தில் ஒற்றைக் கால் பயிற்சியை மட்டும் பார்க்கலாம்.

உப்புக் காற்று பேரிங்கை என்ன செய்யும்?

சும்மா விடாது. கடலோரத்தில் ஓட்டும் ஸ்கேட்டுக்கு முதல் எதிரி உப்பு, இரண்டாவது காற்றில் வரும் பொடி மணல். ஓட்டி முடித்ததும் காரின் டிக்கியிலோ பிளாஸ்டிக் பையிலோ அப்படியே அடைத்து வைத்தால் சில வாரத்தில் பேரிங் கரகரக்க ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் வீலையும் ஃப்ரேமையும் துடைத்து, காற்றோட்டமாக வைக்க வேண்டும். குழாயடியில் வைத்துக் கழுவவே கூடாது.

கையால் சுற்றிப் பார்த்து எந்த வீல் சத்தம் போடுகிறதோ அதை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்யலாம். சுத்தம் செய்து நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரொம்பத் துருப்பிடித்துவிட்டால் மாற்றிவிடுவதே மேல். சாதாரண இன்லைன் ஸ்கேட்டில் இருப்பது 608 என்ற அளவு பேரிங், உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. கடையில் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்.

வீல் மாற்றும் முறையும் ராக்கருக்கு வேறு. ஃப்ளாட் செட்டப்பில் 1-ஐ 3-க்கும், 2-ஐ 4-க்கும் மாற்றி, தேய்ந்த உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுவார்கள். ராக்கரில் அப்படிச் செய்தால் 76-ம் 80-ம் கலந்து வளைவே போய்விடும். சின்னதைச் சின்னதோடும் பெரியதைப் பெரியதோடும் மட்டும், வலது காலில் இருந்து இடது காலுக்கு மாற்ற வேண்டும். மாட்டி முடித்ததும் ஆக்சில் போல்ட் எட்டையும் ஒருமுறை சாவி போட்டு இறுக்கிப் பாருங்கள். இறுக்கிய பிறகும் வீல் கையால் தட்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய சின்ன உலோகக் குழாய், அதாவது ஸ்பேசர், கீழே எங்கோ விழுந்து கிடக்கிறது என்று அர்த்தம்.